பாடசாலை வாசலில் நிற்கும் பெற்றோர்

"ரீச்சர் என்ன சொன்னவ?"

"ஒண்டுமில்லை அம்மா. நான் நல்லாப் படிக்கிறனாம்."

கனடாவில், குறிப்பாக ரொறன்ரோவில் வாழும் எமது உறவுகளின் வீடுகளில் இந்தச் சிறு உரையாடல் புதியதன்று. இலையுதிர் காலத்து மாலைப்பொழுது ஒன்றில் தாய் வேலைத்தலத்திலிருந்து நேரே பாடசாலைக்கு வருகிறார். வகுப்பறையில் ஒரு சிறிய கதிரையில் அமர்கிறார். எதிரே ஆசிரியர், பக்கத்தில் மகன். ஆசிரியர் நீண்ட நேரம் பேசுகிறார். மகன் அதனை ஒரே வரியில் தாய்க்குச் சொல்லி முடிக்கிறான். தாய் ஆசிரியரைப் பார்த்துப் புன்னகைத்துத் தலையசைக்கிறார். ஆசிரியரும் புன்னகைக்கிறார். பத்துப் பதினைந்து நிமிடங்களில் சந்திப்பு நிறைவுபெறுகிறது.

இருவரும் சந்தித்தார்கள். ஆனால் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

வீடு திரும்பும் தாயின் மனதில் நிம்மதி. ஆசிரியரின் மனதிலோ ஒரு கேள்வி: "இந்தத் தாய் ஏன் ஒன்றுமே கேட்கவில்லை? பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லையோ?" தன் இரத்தத்தை வியர்வையாக்கிப் பிள்ளையின் படிப்புக்காகவே உழைக்கும் ஒரு தாயைப்பற்றி இப்படி ஓர் எண்ணம் எழுவது எவ்வளவு பெரிய அநீதி! ஆயினும் அது தினமும் நடக்கிறது. அது ஏன் நடக்கிறது, அதனால் இழப்பு யாருக்கு, அதனை மாற்ற நாம் என்ன செய்யலாம் என்பதை இங்கு சற்று ஆழமாகச் சிந்திப்போம்.

நாம் கொண்டுபோன மரியாதை

1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின்னர் எமது மக்கள் பெருந்தொகையாகக் கனடாவை நாடிச் சென்றனர். 1986 ஆகஸ்ட் மாதத்தில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், கடலில் தத்தளித்த உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர்கள் மீட்கப்பட்ட செய்தியை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வீட்டையும் காணியையும் விட்டுச் சென்றவர்கள் மூன்றை மட்டும் விடாமல் கொண்டு சென்றனர்: மொழி, சமயம், கல்வியின்மேல் கொண்ட பற்று. அந்தப் பற்றோடு சேர்ந்து இன்னொன்றும் சென்றது. அதுதான் ஆசிரியர்மேல் நாம் வைத்திருக்கும் மரியாதை.

மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வரிசைப்படுத்திய சமூகம் எமது. பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும் நாளில், "கண்ணிரண்டையும் விட்டுப்போட்டு மிச்சமெல்லாம் உங்கடை பொறுப்பு சேர்" என்று சொல்லிவிட்டு வந்த தகப்பன்மாரை நாம் கண்டிருக்கிறோம். பெற்றோர் பாடசாலைக்குள் கால் வைப்பது பரிசளிப்பு விழாவுக்கு, விளையாட்டுப் போட்டிக்கு, அல்லது "நாளைக்குப் பெற்றாரைக் கூட்டிக்கொண்டு வா" என்று அதிபர் சொல்லி அனுப்பும் நாளுக்கு. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் எம்மிடமும் உண்டு. ஆனால் அங்கு பேசப்படுவது பெரும்பாலும் மதில், மலசலகூடம், விழாச் செலவு பற்றியே. ஆசிரியர் வகுப்பில் எப்படிக் கற்பிக்கிறார் என்று கேட்பதை மரியாதைக் குறைவாகவே எண்ணி வளர்ந்தோம்.

கனடாவில் நிலைமை நேர் எதிர். ஒன்ராறியோ மாகாணத்தின் ஆசிரியர் பெற்றோரிடமிருந்து கேள்விகளை எதிர்பார்க்கிறார். கேட்கும் பெற்றோரே அக்கறையுள்ள பெற்றோர் என்பது அங்குள்ள எழுதாத விதி. நாம் மரியாதை என்று நினைத்துக் காக்கும் மௌனம், அங்கு அக்கறையின்மை என்று வாசிக்கப்படுகிறது.

இது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் குடியேறிய மெக்சிக்கோ நாட்டுக் குடும்பங்களை நெருங்கிக் கவனித்த குவாடலூப்பே வல்டேஸ் என்னும் கல்வியாளர் 1996இல் ஒரு நூலை வெளியிட்டார். 'மரியாதையுடன்' என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லையே அதற்குத் தலைப்பாக வைத்தார். அந்தப் பெற்றோரும் ஆசிரியரை மதித்து ஒதுங்கி நின்றனர். நல்ல ஒழுக்கத்தோடு பிள்ளையை வளர்த்து அனுப்புவது எமது கடமை, படிப்பிப்பது ஆசிரியரின் கடமை என்று நம்பினர். பாடசாலையோ அவர்களை ஈடுபாடு அற்றவர்கள் என்று கணித்தது. நாடு வேறு, மொழி வேறு. காயம் ஒன்றே.

நடுவில் நிற்கும் பிள்ளை

இந்த இடைவெளியில் பாலமாக நிற்பது யார்? பிள்ளைதான். பாடசாலைக் கடிதத்தை வாசிப்பதும், தொலைபேசியில் பதில் சொல்வதும், வைத்தியரிடமும் வங்கியிலும் பேசுவதும் பத்து வயதுப் பிள்ளை. இது பற்றி ஆய்வு செய்த மார்ஜரி ஒரெலானா 2009இல் வெளிவந்த தமது நூலில், இவ்வாறு மொழிபெயர்க்கும் பிள்ளைகள் குடும்பத்துக்குச் செய்யும் பணி எவ்வளவு பெரியது என்பதை எடுத்துக்காட்டினார். இதனால் பிள்ளைக்கு மொழித்திறனும் பொறுப்புணர்வும் வளர்வதும் உண்மை. எனவே பிள்ளையிடம் ஒரு கடிதத்தை வாசிக்கச் சொல்வதில் பிழையொன்றும் இல்லை.

ஆனால் தன்னைப் பற்றிய முறைப்பாட்டைத் தானே மொழிபெயர்க்கும்படி ஒரு பிள்ளையை விடுவது வேறு விடயம். "வீட்டுப்பாடம் செய்வதில்லை, வாசிப்பில் பின்தங்கியிருக்கிறான்" என்று ஆசிரியர் சொல்வதை எந்தப் பிள்ளை தாயிடம் அப்படியே சொல்லும்? அது பொய் சொல்லும் பிள்ளை அல்ல, பயந்த பிள்ளை. சில வேளைகளில் இரவு முழுவதும் வேலை செய்துவிட்டு வந்த அம்மாவைக் கவலைப்படுத்தக் கூடாது என்ற அன்பினாலும் மறைக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தம்பிக்குக் கற்றலில் குறைபாடு இருக்கலாம் என்ற செய்தியைப் பன்னிரண்டு வயது அக்கா பெற்றோருக்குச் சொல்லவேண்டி வந்தால், அந்தச் சுமையை அந்தச் சிறுமி எங்கே இறக்கி வைப்பாள்? பெற்றோரின் கண்ணும் காதும் தான்தான் என்று உணர்ந்த பிள்ளை, காலப்போக்கில் பெற்றோரின் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கத் தயங்குவதையும் நாம் காண்கிறோம். "உங்களுக்கு ஒண்டும் விளங்காது அம்மா" என்ற வார்த்தை ஒரே நாளில் பிறப்பதில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் சிறிது சிறிதாகப் பிறக்கிறது.

நாம் வாசிக்காத பக்கம்

பிள்ளையின் தேர்ச்சி அறிக்கை வந்தவுடன் எமது வீடுகளில் எழும் முதற் கேள்வி, "எத்தனையாம் பிள்ளை?" என்பதே. ஒன்ராறியோவின் அறிக்கையில் முதலாம் பிள்ளை, பத்தாம் பிள்ளை என்ற வரிசை கிடையாது. அதனால் பெற்றோர் குழம்புகின்றனர். புள்ளிகளிலும் குழப்பம். எமது சாதாரண தரப் பரீட்சையில் 75 புள்ளி என்றால் 'ஏ'. அங்கு 80க்கு மேல்தான் 'ஏ'. 70 முதல் 79 வரை 'பி'. ஆனால் அந்த 'பி' தான் மாகாணம் எதிர்பார்க்கும் தரம். அந்தத் தரத்தை அடைந்த பிள்ளையை 'பி' எடுத்ததற்காக ஏசுவதும், அதற்குக் கீழே இறங்கும் பிள்ளையைக் கவனிக்காமல் விடுவதும் இந்தக் குழப்பத்தின் விளைவுகள்.

ஆரம்பப் பாடசாலைகளில் ஆண்டின் முதற் பருவத்தில் ஒரு முன்னேற்ற அறிக்கை வரும். அதன் பின் குளிர்காலத்தில் ஒன்றும் ஜூன் மாதத்தில் ஒன்றுமாக இரு தேர்ச்சி அறிக்கைகள் வரும். அவற்றில் பாடப் புள்ளிகளோடு இன்னொரு பகுதியும் உண்டு. பொறுப்புணர்வு, ஒழுங்கமைப்பு, தனித்து வேலை செய்தல், கூடி வேலை செய்தல், தானாக முன்வருதல், தன்னைத் தானே நெறிப்படுத்தல் என்னும் ஆறு பழக்கங்கள் அதில் மதிப்பிடப்படுகின்றன. மிக நன்று, நன்று, திருப்தி, முன்னேற்றம் தேவை என்று நான்கு நிலைகள். எமது பெற்றோரில் பலர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு நேரே கணிதப் புள்ளிக்குப் போகின்றனர். ஆனால் ஆசிரியர் பெற்றோரிடம் சொல்ல விரும்பும் செய்தி பெரும்பாலும் இந்தப் பக்கத்திலேயே இருக்கும். கணிதத்தில் 85 எடுத்த பிள்ளை 'தனித்து வேலை செய்தல்' என்பதில் 'முன்னேற்றம் தேவை' என்று பெற்றிருந்தால், அடுத்த ஆண்டு வரப்போகும் சிக்கலின் முன்னறிவிப்பு அதுவே.

விளங்காமல் இட்ட கையொப்பம்

பாடசாலையிலிருந்து வரும் படிவங்களில் கையொப்பமிடுவது பலருக்கு ஒரு சடங்காகிவிட்டது. சில கையொப்பங்கள் பிள்ளையின் வாழ்க்கைப் பாதையையே தீர்மானிக்கின்றன என்பதை உணர்த்துவது எமது கடமை.

1999ஆம் ஆண்டு முதல் ஒன்ராறியோவில் 9ஆம் வகுப்புக்குச் செல்லும் மாணவர்கள் ஏட்டுக்கல்வி சார்ந்த பாடநெறி, செயன்முறை சார்ந்த பாடநெறி என இரு பாதைகளுள் தெரிவு செய்யவேண்டியிருந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தெரிவுக்குப் பெற்றோர் கையொப்பம் இட்டனர். செயன்முறைப் பாதையில் சென்ற பிள்ளைக்குப் பின்னர் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் வழி கடினமாகிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. இந்தப் பிரிவு 2021 செப்டெம்பரில் 9ஆம் வகுப்புக் கணிதத்திலும், 2022 செப்டெம்பரில் அவ்வகுப்பின் ஏனைய பாடங்களிலும் நீக்கப்பட்டது. ஆயினும் தெரிவு முற்றாக மறைந்துவிடவில்லை, பிந்திப்போய் உள்ளது. 11ஆம், 12ஆம் வகுப்புகளில் பல்கலைக்கழகத்துக்கானவை, கல்லூரிக்கானவை, நேரே தொழிலுக்குச் செல்வோருக்கானவை எனப் பாடநெறிகள் இன்றும் பிரிகின்றன.

இங்கு ஒரு சொல் எம்மை ஏமாற்றுகிறது. யாழ்ப்பாணத்தில் 'கல்லூரி' என்றால் பெருமைமிக்க பாடசாலை. கனடாவில் கல்லூரி என்பது பாடசாலை முடிந்தபின் தொழிற்கல்வியும் தொழில்நுட்பக் கல்வியும் வழங்கும் நிறுவனம். அது பல்கலைக்கழகத்தினின்று வேறானது. அதுவும் மதிப்புக்குரிய பாதையே. ஆனால் எந்தப் பாதை என்று தெரிந்து தெரிவு செய்வதும், தெரியாமல் அங்கு போய்ச் சேர்வதும் ஒன்றல்ல.

விசேட கல்வியும் அவ்வாறே. ஒரு பிள்ளைக்கு விசேட உதவி தேவையா என்பதை முடிவு செய்ய, பிள்ளையின் தேவையை இனங்கண்டு வகுப்பைத் தீர்மானிக்கும் ஒரு குழு கூடும். அந்தக் குழுவைக் கூட்டும்படி அதிபரிடம் எழுத்தில் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. கூட்டத்தில் அமரவும், தம்மோடு ஒருவரைத் துணைக்கு அழைத்து வரவும், முடிவு பிழையென்று கண்டால் மேன்முறையீடு செய்யவும் உரிமை உண்டு. எமது பெற்றோர் சிலர் வெட்கத்தினால் இந்த உதவியை மறுத்துவிடுகின்றனர். வேறு சிலர் எதுவென்று கேளாமலே சம்மதித்துவிடுகின்றனர். இரண்டிலும் பேசப்படாமல் போவது பிள்ளையின் தேவை.

போரினாலும் இடப்பெயர்வினாலும் பாடசாலை ஆண்டுகளை இழந்த பிள்ளைகள் எம்மிடையே எத்தனையோ பேர். அதனை மறைத்து, "எல்லா வகுப்பும் படித்தவன்" என்று சொல்லிச் சேர்ப்பதை விட, உள்ளதை உள்ளபடி சொல்வதே நன்மை. ஆங்கிலம் மட்டும் கற்கவேண்டிய பிள்ளைக்கு ஒரு திட்டமும், இடையில் படிப்பை இழந்து எழுத்தறிவையும் சேர்த்துக் கட்டியெழுப்பவேண்டிய பிள்ளைக்கு இன்னொரு திட்டமும் அங்கு உள்ளன. உண்மை தெரிந்தால்தான் பாடசாலை சரியான திட்டத்தில் பிள்ளையைச் சேர்க்க முடியும்.

பயம் என்னும் பூட்டு

மௌனத்துக்கு மரியாதை மட்டும் காரணமல்ல. பயமும் ஒரு காரணம். வதிவிட உரிமை இன்னும் உறுதியாகாத குடும்பங்கள் பாடசாலைக்குப் பெயர் கொடுக்கவே அஞ்சுகின்றன. ஆனால் பிள்ளையோ பெற்றோரோ சட்டபூர்வ அனுமதியின்றி நாட்டில் இருக்கிறார்கள் என்பதற்காகப் பதினெட்டு வயதுக்குக் குறைந்த ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று ஒன்ராறியோவின் கல்விச் சட்டம் 49.1ஆம் பிரிவில் கூறுகிறது. அமெரிக்காவிலும் இதனை ஒத்த ஒரு தீர்ப்பை அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1982இல், டெக்சாஸ் மாநிலத்தின் சட்டம் ஒன்றை எதிர்த்த வழக்கில் வழங்கியது.

இன்னொரு பயம், பிள்ளையைப் பறித்துச் சென்றுவிடுவார்களோ என்பது. பிள்ளைக்குத் தீங்கு நேர்கிறது என்ற நியாயமான சந்தேகம் எழுந்தால் சிறுவர் பாதுகாப்பு அமைப்புக்கு அறிவிப்பது ஆசிரியரின் சட்டக் கடமை. அது ஆசிரியரின் தனிப்பட்ட பகை அல்ல. "அடிச்சுப் படிப்பியுங்கோ" என்று நாம் இங்கு உரிமையோடு சொல்லும் வார்த்தை, அங்கு வேறு பொருளில் விளங்கிக்கொள்ளப்படும். இதனை முன்கூட்டியே அறிந்திருந்தால் பல குடும்பங்கள் வீணான மனவேதனையிலிருந்து தப்பலாம். வீட்டில் பிள்ளையை அடக்க முடியாமல் தவிக்கும் தாய், அதனை ஆசிரியரிடம் நேரிலேயே சொல்லி உதவி கேட்பது ஒளித்து வைப்பதைவிட மேலானது.

கேட்டால் திறக்கும் கதவுகள்

கதவுகள் இருக்கின்றன. ஆனால் அவை தாமாகத் திறப்பதில்லை.

முதலாவது, உரைபெயர்ப்பாளர். சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே, "எனக்குத் தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேட்டு வைக்கலாம். ரொறன்ரோ பெரும்பாகப் பாடசாலைகளில் ஆங்கிலம் தவிர்ந்த முக்கிய வீட்டு மொழிகளுள் தமிழும் ஒன்றாகையால் இது புதுமையான வேண்டுகோள் அல்ல.

இரண்டாவது, பாடசாலைகளில் பணிபுரியும் குடியேற்ற உதவிப் பணியாளர்கள். மத்திய அரசின் நிதியுதவியுடன் புதிதாய்க் குடியேறிய குடும்பங்களுக்கு உதவுவதே அவர்களது வேலை. தமிழ் பேசுவோரும் அவர்களிடையே உள்ளனர். எந்தப் படிவம் எதற்கு என்று கேட்க இவர்களே தகுந்தவர்கள்.

மூன்றாவது, பாடசாலை மன்றம். 2000ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியின்படி ஒவ்வொரு பாடசாலையிலும் இம்மன்றம் இருக்கவேண்டும். உறுப்பினருள் பெரும்பான்மையினர் பெற்றோராய் இருக்கவேண்டும். ஆண்டுக்கு நான்கு முறையாவது கூடவேண்டும். கூட்டங்கள் யாவருக்கும் திறந்தவை. அங்கு தமிழ்ப் பெற்றோரின் கதிரைகள் வெறுமையாக இருந்தால், எமது பிள்ளைகளின் தேவைகளை எடுத்துச் சொல்ல யார் இருப்பார்?

நான்காவது, எமது மொழி. ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கான பன்னாட்டு மொழி வகுப்புகளில் தமிழும் கற்பிக்கப்படுகிறது. போதிய தொகைப் பெற்றோர் எழுத்தில் கேட்கும்போது கல்விச் சபை அத்தகைய வகுப்பை ஒழுங்கு செய்கிறது. உயர் வகுப்புகளில் தமிழைச் சித்திக்குரிய பாடமாகவும் படிக்கலாம். இதுவும் பெற்றோர் வாய் திறந்து கேட்டதனால் கிடைத்த பலனே. 1989இல் ஏற்கப்பட்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 29ஆம் உறுப்புரையும், பிள்ளையின் பெற்றோருக்கும் மொழிக்கும் பண்பாட்டுக்கும் மதிப்பளிப்பதைக் கல்வியின் நோக்கங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது.

ஒன்ராறியோவில் கத்தோலிக்க பாடசாலைகளும் அரசின் பொது நிதியில் இயங்குகின்றன. எமது பிள்ளைகள் பலர் அவற்றில் படிக்கின்றனர். மேலே சொன்ன உரிமைகள் அங்கும் உண்டு. பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கல்வி பற்றிய தனது ஏட்டில் கற்பித்ததும் நாம் அறிந்ததே.

பாடசாலையும் ஓரடி வரட்டும்

எல்லாச் சுமையையும் பெற்றோரின் தோளில் ஏற்றுவது நியாயமாகாது. தொழிற்சாலையில் மாலை வேலைமுறையில் இருக்கும் தகப்பனை மாலை ஆறு மணிக்குக் கூட்டத்துக்கு அழைத்துவிட்டு, அவர் வரவில்லை என்று குறைகூறுவதில் பொருளில்லை. பிள்ளையைக் கூட்டிப்போக வாசலில் காத்து நிற்கும் அம்மம்மாவும் குடும்பத்தின் கல்வியில் பங்காளியே.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் லூயிஸ் மோல் என்னும் ஆய்வாளரும் அவரது குழுவினரும் ஆசிரியர்களை மாணவரின் வீடுகளுக்கு அனுப்பினர். குறை சொல்வதற்காக அல்ல, அக்குடும்பங்களிடம் உள்ள அறிவைக் கற்றுக்கொள்வதற்காக. பயிர்ச்செய்கை, கட்டடவேலை, மருந்து மூலிகை, வியாபாரம் என ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறிவுக் களஞ்சியம் இருப்பதை 1992இல் அவர்கள் எழுதினர். எமது வீடுகளிலும் அத்தகைய களஞ்சியங்கள் உண்டு. கடலையும் காற்றையும் அறிந்த தகப்பன், தோட்டத்தையும் கணக்கையும் அறிந்த தாய். அவர்களை ஆங்கிலம் தெரியாதவர்கள் என்று மட்டும் பார்க்கும் பாடசாலை ஒரு பெருஞ்செல்வத்தைத் தவறவிடுகிறது.

நாம் செய்யக்கூடியது

கனடாவில் உள்ள எமது உறவுகளுக்கு ஒரு சிறு வேண்டுகோள். அடுத்த சந்திப்பில் மூன்றே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எனது பிள்ளை எதில் தடுமாறுகிறது? வகுப்பில் யாரோடு சேர்ந்து இருக்கிறது? வீட்டில் நான் என்ன செய்யவேண்டும்? தமிழில் எழுதி எடுத்துச் சென்றாலும் போதும். மரியாதையோடு கேட்கும் கேள்வியும் மரியாதையே.

புறப்பட ஆயத்தமாகும் குடும்பங்கள், பிள்ளையின் பாடசாலைத் தேர்ச்சி அறிக்கைகளையும் தடுப்பூசி அட்டையையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். அங்கு பாடசாலை முதலில் கேட்பவற்றுள் இவை அடங்கும்.

தாயகத்தில் இருக்கும் எமக்கும் இதில் பங்குண்டு. ஞாயிறு தோறும் தொலைபேசியில் பேரப்பிள்ளையிடம் "எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்பதற்குப் பதிலாக, "உன்ரை ரீச்சரோடை அம்மா கதைச்சவவோ?" என்று கேட்டுப் பார்ப்போம். அந்த ஒரு கேள்வி, கடல் கடந்து சென்று, பாடசாலை வாசலில் தயங்கி நிற்கும் ஒரு தாயை உள்ளே ஓரடி எடுத்து வைக்கச் செய்யக்கூடும். அவர் உள்ளே சென்று பேசத் தொடங்கும் நாளில், நடுவில் நின்று சுமந்த பிள்ளை மீண்டும் வெறும் பிள்ளையாக இருக்கலாம்.